ஆறாவது திறப்பு விழா

என்னைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி. இன்னொன்று, மூக்குக்கு மேல் கோபம். கோபம் இன்னும் இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் போன தை மாதத்தோடு போயிற்று.

பெயர் அருள்ஜோதி. அம்மாப்பேட்டைப் பக்கம் முந்நூறு சொச்சம் விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற உழவர் நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில்தான். அதில் முக்கியமானது அறுவடை மிசின் முறை. சம்பா அறுப்பு நெருங்கினால் ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து மிசின்கள் வந்து இறங்கும். எங்கள் நிறுவனம் இருபத்து மூன்று மிசின்களைப் பேசி வைத்திருக்கிறது. எந்த வயலுக்கு எந்த மிசின், எந்த நாள் என்று எங்கள் வெப்சைட் முடிவு செய்யும். டிரைவர்கள் போனில் நான் எழுதிக் கொடுத்த ஆப் இருக்கிறது. அது காட்டுகிற வயலுக்குத்தான் அவர்கள் போவார்கள். மிசின் கிளம்பினால் வயல்காரருக்கு ஒரு குறுஞ்செய்தியும் போகும். யார் முதலில் பதிந்தாரோ அவருக்கு முதலில். இரண்டு வேலி நிலம் வைத்திருக்கிற பெரியவருக்கும், மூன்று மா, அதாவது ஒரே ஒரு ஏக்கர், வைத்திருப்பவருக்கும் ஒரே வரிசை.

முன்பு அப்படி இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதின காலத்தில் பெரிய மனிதர் ஒருவர் ஒரு போன் போட்டால் மிசின் அந்தப் பக்கம் திரும்பிவிடும். வெப்சைட் வந்த முதல் வருஷமும் உருப்படவில்லை. அப்போது பூட்டு இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தோம். பூட்டு என்றால், போனுக்கும் சர்வருக்கும் நடுவே போய் வருகிற சேதியை வேறு எவரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி மூடி அனுப்புகிற ஏற்பாடு. அது இருந்தால் முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியும். அது இல்லாததால், எங்கள் ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்துகொண்டே எவனோ ஒருவன் கடவுச்சொல்லை உருவிவிட்டான். பன்னிரண்டு பேருடைய முறையைப் பின்னால் தள்ளிவிட்டான். எவன் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பன்னிரண்டு பேரில் வைரக்கண்ணு என்கிறவரும் ஒருவர்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இனி ஒரு ஈ நுழையக் கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். பூட்டு இல்லாமல் சர்வர் பேசினால் ஒரு வருஷத்துக்கு அதை நம்பாதே என்று எல்லாப் போன்களுக்கும் கட்டளை போட்டேன். பூட்டு விழ வேண்டுமானால், இந்தச் சர்வர் எங்களுடையதுதான் என்று வெளியே ஓர் இடம் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்றை எங்கள் வெப்சைட் பெயருக்குக் கொடுக்க ஒரே ஓர் இடத்துக்குத்தான் உரிமை, வேறு யாரும் கொடுக்கக் கூடாது என்று பெயரைப் பதிந்த இடத்திலேயே எழுதி வைத்தேன். அதோடு விட்டேனா? காகிதத்தில் எழுதின எந்த முறையும் செல்லாது என்று இயக்குநர் கூட்டத்தில் சண்டை போட்டுத் தீர்மானமும் வாங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், முட்டாள்.

வைரக்கண்ணு அதற்கடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவர் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்த ஒன்பது மா நிலத்தை அவர் மனைவி பிரகதாம்பாள் அக்கா தொடர்ந்து செய்யக் கேட்டார். நிலத்துக்காரர் திருச்சியில் இருக்கிறார். தனியாக ஒரு பொம்பளை என்ன செய்துவிடப் போகிறாள் என்று அவருக்கு யோசனை. கடைசியில், "ஒரு போகம் பாக்குறேம்மா. விளைஞ்சத நல்லபடியா வீடு கொண்டாந்து சேத்துட்டா நிலம் ஒங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா இதை என்னிடம் சொன்னது பதிவு தொடங்கின முதல் நாள். காலை எட்டு மணிக்கே ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருந்தார்.

"யாருக்கும் முன்னாடி வேணாம் ஜோதி. எம்முற என்னவோ அது எனக்கு வந்தாப் போதும்" என்றார்.

"இந்த வருஷம் ஒருத்தனும் கை வைக்க முடியாதுக்கா. நான் இருக்கேன்ல" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அவர் முறை தை பிறந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை. ஒன்பதாம் நம்பர் மிசின், டிரைவர் பெயர் இப்ராஹிம். ஆந்திரா பொன்னி நன்றாக முற்றி, கதிர் கனம் தாங்காமல் தலை சாய்ந்து நின்றது. அந்த வாரம் திங்கட்கிழமையே வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், சனிக்கிழமை மழை என்று. வெள்ளிக்கிழமை அறுத்துவிட்டால் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. போதும்.

அதே திங்கட்கிழமைதான் எங்கள் புதுச் சர்வரை ஓட்ட ஆரம்பித்தோம். அதுவரை வாடகைச் சர்வர். வாடகைக் கெடு முந்தின நாளோடு முடிந்துவிட்டது. புதிதாக வாங்கின சர்வரை ஆபீஸ் உள்ளறையில் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, மாலையும் போட்டிருந்தார்கள். காற்று போகிற ஓட்டையை மறைக்காமல் மாலையைத் தள்ளிப் போடுங்கள் என்று கத்தினேன். கத்தினதற்கும் சிரித்தார்கள். நாங்கள் லுத்தரன் சபை. எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, ஆனாலும் ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலைவர் மதலைமுத்து ஐயா வந்து உட்கார்ந்தார். திரையில் எங்கள் வெப்சைட் 'பாதுகாப்பற்றது' என்று சிவப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் விரலை எடுத்து என்டர் பட்டன் மேல் வைத்தேன். அழுத்தினார். சர்வர் சான்று கேட்டது, சான்று வந்தது, அரை நிமிஷத்தில் சிவப்பு போய்ப் பூட்டு வந்து உட்கார்ந்தது. மணி பதினொன்றே கால். கைதட்டல், போட்டோ, லட்டு. எனக்கு ஒரு பொன்னாடை. அந்த இடத்திலேயே எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

எங்கள் நிறுவனத்தில் தலைவரோடு சேர்த்து இயக்குநர்கள் ஆறு பேர். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழக்கம் உண்டு. களம் திறந்தாலும் சரி, தண்ணீர்த் தொட்டி திறந்தாலும் சரி, ஒருவர் ரிப்பன் வெட்டினால் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு ரிப்பன் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது. மதியம் இரண்டாவது இயக்குநர் வந்தார். அவரும் சிவப்பு போய்ப் பூட்டு வருவதைப் பார்க்க வேண்டுமாம், போட்டோ வேண்டுமாம்.

"அதான் வந்திருச்சே ஐயா, பாருங்க" என்றேன்.

"வந்தது தெரியுது. நாம அழுத்தி வரணும்ல" என்றார்.

ஒருமுறை வந்த சான்று மூன்று மாதம் செல்லும். அது இருக்கும்போது திரும்பக் கேட்டால், 'உன்னிடம்தான் இருக்கிறதே' என்று சர்வர் பேசாமல் இருந்துவிடும். ஆகவே சான்றும் அதன் சாவியும் இருந்த ஃபோல்டரை அப்படியே அழித்தேன். சர்வரை நிறுத்தித் தொடங்கினேன். சிவப்பு வந்தது. அவர் அழுத்தினார். பூட்டு வந்தது. ஒத்திகை பார்ப்பதற்கென்றே அந்தச் சான்றுக்காரர்களிடம் தனி வழி ஒன்று உண்டு, அதில் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ஒத்திகைச் சான்றுக்குப் பூட்டுப் படம் வராது. பொய்யாக ஒரு படத்தைக் காட்டி ஏமாற்றவும் எனக்கு மனசு வரவில்லை. நிஜத்தையே செய்து காட்டினேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர், புதன்கிழமை ஒருவர். ஒவ்வொரு தடவையும் அழித்தேன், ஒவ்வொரு தடவையும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது பிடித்திருந்தது. வாழ்நாளெல்லாம் வயலில் நின்ற மனிதர்கள் என் வேலையை வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஐந்து பொன்னாடை சேர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குத் துணைத்தலைவர் கண்ணுசாமி வந்தார். சீர்காழியில் மச்சினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தவர், நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். வேட்டி மடிப்புக் கலையவில்லை. முகம் மட்டும் உம்மென்று இருந்தது.

"நான் இல்லாமயே எல்லாம் முடிச்சிட்டீங்களாக்கும்?"

"உக்காருங்க ஐயா, நீங்களும் பாக்கலாம்" என்றேன்.

"ஒன்னரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடி."

அப்போது இருபத்து மூன்று மிசின்களும் வயலில் ஓடிக்கொண்டிருந்தன. டிரைவர்கள் போனெல்லாம் பூட்டோடு சர்வரிடம் பேசிக்கொண்டிருந்தன. சாயங்காலம் வாங்க ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழிக்கிறதற்கு முன்னால் ஒரு காப்பியாவது எடுத்து வைத்திருக்கலாம். ஐந்து தடவை வந்தது ஆறாவது தடவை வராதா என்ன? அழித்தேன். நிறுத்தித் தொடங்கினேன். சிவப்பு வந்தது. கண்ணுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு என்டரை அழுத்தினார்.

பூட்டு வரவில்லை. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி வந்தது. இந்தப் பெயருக்கு இந்த வாரத்தில் ஐந்து சான்றுகள் கொடுத்தாயிற்று, அதற்கு மேல் கிடையாது. திங்கட்கிழமை பதினொன்றே காலுக்குப் பிறகு கேள்.

"என்னவாம்?" என்றார் கண்ணுசாமி.

அந்தக் கட்டுப்பாடு இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். என்றைக்கோ படித்திருக்கிறேன். ஐந்து பொன்னாடைக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது அது.

அவர் ராகு காலத்துக்குப் பயந்து கிளம்பிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் முதல் போன். அப்புறம் எல்லாப் போனும். மேடம், ஆப் திறக்க மாட்டேங்குது. மேடம், இணைப்பு பாதுகாப்பில்லைன்னு வருது. மேடம், அடுத்து எந்த வயல்?

அன்றைக்கு மதியம் நான் தட்டாத கதவில்லை. பூட்டே இல்லாமல் திறந்து விட்டேன். பூட்டில்லாத சர்வரை ஒரு வருஷத்துக்கு நம்பாதே என்று நான் போட்ட கட்டளைக்கு எல்லாப் போனும் அப்படியே கீழ்ப்படிந்து நின்றது. சர்வரிலேயே நானாக ஒரு சான்று செய்து போட்டேன். உனக்கு நீயே சான்றா என்று போன்கள் தள்ளிவிட்டன. வேறு நிறுவனத்திடம் காசு கொடுத்துச் சான்று கேட்டேன். உங்கள் பெயருக்கு நாங்கள் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதே என்றார்கள். எழுதினது யார்? நான்தான். அடச்சே என்று என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன்.

அந்த வரியை எடுத்துவிட்டால் போதும், வேறு சான்று கிடைத்துவிடும். அதை எடுக்க, பெயரைப் பதிந்த கணக்குக்குள் போக வேண்டும். அந்தக் கணக்கு தலைவருடைய அண்ணன் மகன் பிரபு பெயரில் இருக்கிறது. ஆரம்பத்தில் அவன்தான் பதிந்து கொடுத்தான். இப்போது மஸ்கட்டில் வேலை. கூப்பிட்டேன்.

"அக்கா, பாஸ்வேர்டு தர்றேன், ஆனா ஓடிபி என் பழைய நம்பருக்குத்தான் போவும்."

"அந்த சிம் எங்கடா?"

"ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டேன்க்கா. நம்பரே போயிருச்சு. வேற யாருக்கோ குடுத்துட்டாங்க போல."

"டேய் பிரபு, வெளையாடாத."

"சத்தியமாக்கா. மெயில் போட்டா மாத்தித் தருவாங்க. மூணு வேலை நாள் ஆவும்."

மூன்று வேலை நாள் என்றால் செவ்வாய்க்கிழமை. போனை மேஜை மேல் விசிறினேன். கண்ணாடி விரிசல் விட்டது.

முறைப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். டிரைவர்களுக்கு இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுங்கள், இதன்படி போகட்டும் என்றேன். மதலைமுத்து ஐயா நல்ல மனிதர், சரி என்று கையெழுத்துப் போடப் போனார். கண்ணுசாமி அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"காகிதத்துல எழுதுனது செல்லாதுன்னு தீர்மானம் போட வச்சது யாரு? நீதானம்மா? நான் சொன்னா அது தப்பு, நீ சொன்னா சரியா?" என்றார். சத்தம் கூடப் போடவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அவுரு சொல்றதும் ஒரு இதுதானே ஜோதிம்மா. அப்பறம் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பேப்பரக் கொண்டாருவான்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர வழியில்லை. நான் கூட்டத்தில் பேசின பேச்சைத்தான் அவர் திருப்பிச் சொன்னார்.

மிச்சம் ஒரே ஒரு வழி இருந்தது. புதுப் பெயர் ஒன்று வாங்குவது. புதுப் பெயருக்குக் கட்டுப்பாடு கிடையாது, சான்று உடனே கிடைக்கும். ஆனால் டிரைவர்கள் போனில் இருக்கிற ஆப் பழைய பெயரைத்தான் தேடும். ஆப்பைத் திருத்தி, இருபத்து மூன்று போனிலும் புதிதாக ஏற்ற வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பினேன். முக்கால்வாசிப் போன்கள் நம்பத்தகாத ஆப் என்று தடுத்துவிட்டன. ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன்.

வாசலில் பிரகதாம்பாள் அக்கா நின்றுகொண்டிருந்தார். நெல் பிடிக்க டிராக்டர் சொல்லிவிட்டாராம், தார்ப்பாய் விரித்துவிட்டாராம், ஐந்து மணியிலிருந்து வரப்பில் நின்றாராம்.

"மிசின் வரல ஜோதி. இப்ராகிமு தம்பி போனயும் எடுக்கல."

"ஆப் கோளாறுக்கா. நானே போயி அவர் போன்ல சரி பண்ணி, நேரா ஒங்க வயலுக்கு அனுப்புறேன். நீங்க போங்க."

"மழை நாளைக்குத்தானே?"

"நாளைக்குத்தான்."

"அப்பச் சரி. நீ பாத்துக்குவ" என்று திரும்பி நடந்தார். நான் அழித்தேன் என்று அப்போது சொல்லவில்லை. கோளாறு என்றுதான் சொன்னேன். கோளாறாம். வெட்கம் கெட்டவள்.

ஒரு மிசினைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. மிசின் சத்தத்தில் டிரைவர்களுக்குப் போன் அடிப்பது கேட்காது. ஆப் இருந்தால் எது எங்கே நிற்கிறது என்று எனக்குப் புள்ளியாகத் தெரியும். அது இல்லாமல், சத்தத்தைக் கேட்டு, வாய்க்கால் கரையோரமாகப் போய், டீக்கடையில் விசாரித்து, சேற்றில் செருப்பை விட்டு. போன இடத்தில் எல்லாம் ஒரே கதைதான். வியாழக்கிழமை மதியம் ஆப் நின்ற ஒரு மணி நேரத்தில் டிரைவர்களுக்குப் பழையபடி போன் வர ஆரம்பித்துவிட்டது. யார் யார் வயலில் மிசின் நின்றது என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகக் காலத்தில் யார் வயலில் நின்றதோ அவர்கள் வயலில்தான். அவர்களைத் திட்டி என்ன? கதவைத் திறந்து போட்டது நான்.

இப்ராஹிமைக் கண்டுபிடிக்கும்போது மணி நாலு. அவர் மிசின் கண்ணுசாமி வயலில் ஓடிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். இறங்கி வந்தார். தலை, புருவமெல்லாம் தூசு.

"என்ன பாய், பிரகதாம்பாள் அக்கா முறை இன்னிக்கு. இங்க என்ன பண்றீங்க?"

"ஆப் தொறக்கல மேடம். ஓனரு போன் பண்ணி, தொணத்தலைவர் வயல்ல எறங்குன்னாரு. நான் என்ன பண்ணட்டும்? அந்தம்மா கூப்புட்டாங்க, எடுத்தா என்ன பதில் சொல்றதுன்னு எடுக்கல."

அவர் போனில் புது ஆப்பை ஏற்றினேன். பூட்டு விழுந்தது. முதல் வரியில் பிரகதாம்பாள், ஒன்பது மா என்று காட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இப்பவே கிளம்புங்க பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பாதி வயல்ல எடுத்துட்டுப் போனா ஓனர் என்னைத் தொலைச்சிருவாரு மேடம். இன்னும் எட்டு மா கெடக்கு. இருட்டுறதுக்குள்ள முடிச்சிர்றேன். அல்லா மேல ஆணையா, காலைல ஆறு மணிக்கு அந்தம்மா வயல்ல நிப்பேன்."

கண்ணுசாமிக்குப் போன் போட்டேன். கெஞ்சினேன். நான் கெஞ்சி எங்கள் வீட்டில்கூட யாரும் பார்த்ததில்லை. "கம்ப்யூட்டர் கோளாறுக்கு நான் என்னம்மா பண்றது? என் நெல்லும் நெல்லுதானே?" என்றார். அதுவும் நியாயம்தான்.

சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. வீட்டை ஒட்டின தகர ஷெட்டில் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். ஜெபம் செய்யப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. இப்ராஹிம் சொன்ன சொல் தவறவில்லை. ஆறு மணிக்கு மிசினோடு வந்து நின்றாராம். அவருடையது டயருக்குப் பதில் பெல்ட் போட்ட வண்டி, சேற்றில் இறங்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் பயிர் மொத்தமும் படுத்துக் கிடந்தது. கதிர் தண்ணீருக்குள். ஈரக் கதிரை அடித்தால் மிசின் சிக்கிக்கொள்ளும், வருவதும் நெல்லாக வராது. ஏழரை வரைக்கும் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போகவில்லை. ஆபீசில் உட்கார்ந்து அந்த இரண்டு வரி இங்கிலீஷைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் நிறைந்ததால் வயலில் தேங்கின தண்ணீர் வடியவும் இடமில்லை.

திங்கட்கிழமை பதினொன்றே கால். சான்று கேட்டேன். வந்தது. பழைய பெயரில் பூட்டு வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. வியாழக்கிழமையிலிருந்து சர்வரில் தேங்கிக் கிடந்த குறுஞ்செய்திகள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பிப் போயின. அவற்றை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"ஜோதி, மிசின் கெளம்பிருச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. எங்கம்மா வருது? இங்கயா?"

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. கையில் ஒரு கொத்துக் கதிர். நீட்டினார். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை வந்திருந்தது.

"நிலத்துக்காரர் நேத்தே வந்து பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. பாத்துட்டுப் போயிட்டாரு" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சான்று, ஐந்து தடவை, பொன்னாடை, ஆறாவது தடவை. பாதி அவருக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்ததையா அழிச்ச?"

"ஆமாக்கா."

"எதுக்கும்மா?"

"துணைத்தலைவர் பாக்கணும்னாரு."

"அவுரு அழிக்கச் சொன்னாரா?"

"இல்லக்கா. பாக்கணும்னுதான் சொன்னாரு. அழிச்சது நான்தான்."

எனக்கு அழுகை பீறிட்டது. அவருக்கு வரவில்லை. கையிலிருந்த கதிரைத் தண்ணீரில் போட்டார்.

"ஒன்னையத் திட்டணும்டி. நல்லாத் திட்டணும். இன்னிக்குத் தெம்பில்ல. நாளைக்கு ஆபீசுக்கு வந்து திட்டுறேன், இரு" என்றார்.

மறுநாள் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றேன். அவர் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை. இயக்குநர் கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்று பார்த்தேன். கம்ப்யூட்டர் கோளாறு என்று ஒரு வரி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்தான் அழித்தேன் என்று எழுந்து சொன்னேன். "விடும்மா, மனுசங்கதானே" என்று மதலைமுத்து ஐயா சொன்னார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வைகாசியில் குறுவைப் பதிவு தொடங்கியது. அந்த ஒன்பது மாவுக்கு எதிரே எனக்குத் தெரியாத ஒரு பெயர் வந்தது. விசாரித்தேன். அக்கா பட்டுக்கோட்டைப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். தேங்காய் உரிக்கிற களத்தில் வேலையாம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்.

அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன், போட்டதில்லை. திட்டிவிடுவாரோ என்ற பயமில்லை. திட்டினால் வாங்கிக்கொண்டு அழுதுவிட்டுப் போவேன். எடுத்ததும், "ஜோதியா? நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வேன்?